அப்ரூவ்டு சார்... யாரு அப்ரூவ் பண்ணது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கிண்டியில் ஏ.சி. வேன். ஏறும்போதே ஆளுக்கொரு தொப்பி, இட்லிப் பொட்டலம். மாமல்லபுரம் தாண்டி இறக்கிவிட்டால் சவுக்குத்தோப்பு, அலைச் சத்தம், வரிசையாக வெள்ளையடித்த கல். இதற்குப் பெயர் 'சைட் விசிட்'.

என் பக்கத்து சீட்டு நண்பர் போய்விட்டு வந்தார். ஒரு கிரவுண்டு. அதில் குட்டியாக ஒரு காட்டேஜ். சனி, ஞாயிறு வாடகைக்கு விட்டால் மாதாந்திரக் கடனை அதுவே கட்டிவிடுமாம். அப்பாவின் பி.எஃப். பணத்திலிருந்து அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

"அப்ரூவ்டு மனைப்பா!"

"யாரு அப்ரூவ் பண்ணது?"

"அதான்... அப்ரூவ்டு!"

இங்கேதான் சார் மணலில் கால் புதையுது.

டி.டி.சி.பி. அனுமதி என்றால் என்ன? நிலத்தை இப்படி மனையாகப் பிரிக்கலாம், இவ்வளவு ரோடு விடணும் என்பதற்கான அனுமதி. அவ்வளவுதான். கடலோரத்தில் விடுதி கட்டலாம் என்று அது சொல்லவில்லை. அதற்குத் தனிச் சட்டம். 1991-ல் மத்திய அரசு கொண்டுவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-லும் 2019-லும் புதுசாக எழுதப்பட்டது. அலை ஏறிவந்து தொடும் உயர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் ராஜ்யம்.

கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் 'கட்டக்கூடாத பகுதி'. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமங்களுக்கு மட்டும் 2019 அறிவிக்கை இதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் கிராமம் எந்த வகை? புரோக்கர் சொல்லக்கூடாது. ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம்தான் சொல்லணும்.

சரி, அதைத் தாண்டி இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடலோர விடுதி கட்ட முன் அனுமதி வேண்டும். நிபந்தனையைப் படித்தால் நண்பருக்கு வேர்க்கும். மனை குறைந்தது 0.4 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நம்ம கணக்கில் சுமார் 18 கிரவுண்டு! கையில் இருப்பதோ ஒன்று. எல்லா மாடியும் சேர்த்து மனையில் 33 சதவீதத்துக்கு மேல் கட்டக்கூடாது. உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும்தான். மணல்மேட்டைச் சமப்படுத்தக்கூடாது.

"பஞ்சாயத்துல பிளான் பாஸ் பண்ணிடலாம் சார்" என்பார்கள். கொச்சி மரடுவில் அடுக்குமாடிகளுக்கும் 2006-ல் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. கடற்கரை ஆணையத்தின் ஒப்புதல்தான் இல்லை. 2019 மே மாதம் இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு கட்டடத் தொகுதிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. டி.வி.யில் நாம் பாப்கார்னோடு பார்த்தோம். அங்கே குடியிருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

அதனால் அடுத்த வேனில் ஏறுமுன் நாலு கேள்வி:

* என் சர்வே நம்பரைக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் காட்டுங்க. உயர்மட்டக் கோடு எங்கே? (இந்தக் கோட்டைக் குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற அமைப்புகளில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனமும் ஒன்று.)

* மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதிக் கடிதம் இருக்கா? அது மனைக்கா, விடுதிக்கா?

* ரெரா பதிவு எண் என்ன? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பதிவு கட்டாயம். எண்ணை நீங்களே இணையத்தில் போட்டுப் பாருங்க.

* பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம் சரியா? 'பீச்சுக்குத் தனி வழி' என்று காட்டுகிறார்களே, அது புறம்போக்கா? மீனவர்கள் வலை காயப்போடும் இடமா?

நண்பர் நாலையும் கேட்டார். "சார், இவ்வளவு கேட்டா கடலே வத்திடும்" என்றாராம் புரோக்கர். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். ரெண்டு மாசமாச்சு. அது கடலலை மாதிரி. இதோ வந்துடுச்சு போலிருக்கும், கால் நனையறதுக்குள்ளே திரும்பிப் போயிடும்.

ஆனாலும் பத்திரம் பதிவதற்கு முன்னாடி கேட்டாரே, அந்த வரைக்கும் அப்பாவின் மிச்சப் பணம் தப்பிச்சுது!