கடைசிக் குழாயில் பிடித்துப் பாருங்கள்

ஒரு பேரூராட்சியின் குடிநீர் நல்லதா என்று தெரிய வேண்டுமானால் மேல்நிலைத் தொட்டியின் அடியில் பிடித்துப் பார்த்துப் பயனில்லை. வால்வைத் திறந்தால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் தெருவில், கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்க வேண்டும். சோதனை எளிது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, அதற்குரிய மருந்தைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500. அதையும் மக்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும் என்றே சொல்கிறது. நிறமே வராவிட்டால் தொட்டியில் குளோரின் போடவில்லை, அல்லது வழியில் ஏதோ அசுத்தம் கலந்து அதைத் தீர்த்துவிட்டது.

வழியில் எப்படிக் கலக்கும்? நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. குழாய் வெறுமையாகக் கிடக்கும் நேரம்தான் ஆபத்தானது. பழைய குழாய்கள் பல இடங்களில் சாக்கடையை ஒட்டியும், சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயும் போகின்றன. அழுத்தம் இல்லாதபோது விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே இறங்கும். வீட்டு இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்தக் கழிவையும் சேர்த்தே இழுக்கிறோம். பாதிப்பு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும்தான். தண்ணீர் திறந்துவிட்டதும் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

குளோரின் பதிவேடு வெறும் சம்பிரதாயக் காகிதம் அல்ல. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிறு நகரம். 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணக் கிருமிகள் ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறு ஒன்றில் கலந்தன. 7 பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். ஊழியர்கள் குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதி வந்தது விசாரணையில் தெரிந்தது. பணக்கார நாட்டிலேயே இப்படி நடக்குமென்றால், நம் ஊர்ப் பதிவேட்டை நாம் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தவறே இல்லை.

கிருமிக்குப் பயந்தால் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்த ஃபுளோரைடுக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டுக்கு எல்லை 45. அதற்கு மேல் போன தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடும் ஊர்க்காரர்கள் இந்த இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்குக் கையில் கிடைத்த பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, பிடித்த தண்ணீரை ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

இனி உரிமை. சுத்தமான தண்ணீர் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, குளோரின் பதிவேட்டின் நகல், கிருமிச் சோதனை முடிவுகள், தொட்டி கழுவிய தேதிகள் எல்லாவற்றையும் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் சான்றிட்ட மாதிரிகளை எடுக்கும் உரிமையும் இருக்கிறது. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு; ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான். தெருவில் வாந்திபேதி பரவியிருந்தால் அதை மனுவிலேயே எழுதுங்கள்.

'நிதி இல்லை' என்று சொன்னால் ரத்லம் வழக்கை நினைவூட்டுங்கள். மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி, சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்று வாதாடியது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. அன்று அந்த ஊர் மக்கள் நாடியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு; இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. குடிநீர் வழங்கல் அதன் வரம்புக்குள் வரும் பொதுப் பயன்பாட்டுச் சேவை. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. விவரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைக்கும். ஆய்வக அறிக்கை, மருத்துவர் எழுதிய சீட்டுகள், குழாய் உடைப்பின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றை மனுவோடு இணைத்து, பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள்.