எமக்காகவும் சற்று ஓடுவோம்

எமது பெண்களுக்கு ஓட்டம் புதியதல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண்களும், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கரையோரத் தாய்மாரும், 2009இல் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடி முள்ளிவாய்க்கால்வரை சென்ற வன்னிப் பெண்களும் ஓடியவர்கள்தான். அந்த ஓட்டங்களில் எதையும் நாம் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை.

ஆகவே, மாதர் சங்கக் கூட்டமொன்றில் உடற்பயிற்சிக்காக மெதுவாக ஓடுவது பற்றி நான் பேச்செடுத்தபோது, முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளை, நாங்கள் ஓடின ஓட்டம் காணாதே? இனியும் ஓடச் சொல்லுறீரே?" என்று கேட்டதில் வியப்பில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வியல்ல. எவரும் துரத்தாமல், மூட்டை முடிச்சு எதுவுமில்லாமல், களைத்தால் நிற்கலாம் என்ற உரிமையோடு ஓடுவது எமக்குப் பழக்கமில்லாத ஓட்டம். அதை எப்படித் தொடங்குவது, தொடங்கியதை விட்டுவிடாமல் எப்படிக் கொண்டுசெல்வது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன். அந்தக் கிராமத்துப் பெண்கள் சிலருடன் சேர்ந்து நானும் புதிதாக ஓடத் தொடங்கியவள். முதல் நாள் இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக்கூட என்னால் மூச்சு வாங்காமல் ஓட முடியவில்லை.

வேலை செய்கிறோமே, பிறகேன் பயிற்சி?

"நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யிறம். அது காணாதோ?" என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. தோட்டம் கொத்துவதும் தண்ணீர் சுமப்பதும் உடலுக்கு உழைப்புத்தான். ஆனால் இன்று எம்மில் பலர் தையல் இயந்திரத்தின் முன்னும், ஆடைத் தொழிற்சாலையிலும், கடையிலும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து அல்லது நின்று வேலை செய்கிறோம். உடல் களைக்கிறது. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய பயிற்சி கிடைப்பதில்லை.

வளர்ந்தவர் ஒருவருக்கு வாரமொன்றில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. விரைவான நடை முதலாவது வகை. ஓட்டம் இரண்டாவது வகை. ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்து செய்தால் இரத்த அழுத்தம் குறைகிறது, நித்திரை சீராகிறது, மனச்சோர்வும் தணிகிறது. இது மருந்துக்கோ உளவளத்துணைக்கோ மாற்றீடு அல்ல. அவற்றுக்குத் துணையாக நிற்கும்.

எமது கிராமங்களில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள பெண்கள் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பதை நான் காண்கிறேன். அவர்களில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரும் உள்ளனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலேயே அவர்களிற் பலர் இறந்துபோனார்கள். எம்மோடு நடக்க வந்த ஒரு தாயிடம், இந்த வயதில் ஏன் இந்தச் சிரமம் என்று அயலவர் கேட்டபோது, "என்ர பிள்ளையைப் பற்றி ஒரு பதில் வரும்வரைக்கும் நான் இருக்கவேணும்" என்றார். உடலைப் பேணுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பதிலைச் சிந்திக்க வேண்டும்.

பெண் ஓடினால் என்ன ஆகும்?

பெண் ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்ற பேச்சு எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைப் பெரிதுபடுத்தி, 1960வரை அந்தப் போட்டியை ஒலிம்பிக்கில் நடத்தாமலே விட்டார்கள். 1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனில் கத்ரின் சுவிற்சர் ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே அவரைப் பிடித்து இழுத்து வெளியேற்ற முயன்றார். அவர் ஓடி முடித்தார். பெண்களுக்கான மரதன் 1984இல்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

எமது நாட்டிலும் முன்னுதாரணங்கள் உண்டு. சாதாரண கிராமத்துக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வெண்கலம் வென்றார். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து காரணமாகப் பதக்கத்தை இழந்தமையால், 2009இல் அது வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தமது 72ஆவது வயதில் தங்கப் பதக்கம் வென்றார். நாம் பதக்கத்துக்காக ஓடப் போவதில்லை. எனினும் வயதையும் ஊரையும் காரணம் காட்டி எம்மைத் தடுப்பவர்களுக்குச் சொல்ல இந்தப் பெயர்கள் உதவும்.

தொடங்கும் முறை

முதல் நாளிலேயே வேகமாக ஓடி, மறுநாள் காலை அசைக்க முடியாமல் படுத்துவிட்டு, "இது எனக்குச் சரிவராது" என்று விட்டுவிடுவதே பெரும்பாலானோருக்கு நடப்பது. மூச்சு ஓட்டத்துக்கு விரைவாகப் பழகிவிடும். எலும்பும் மூட்டும் பழகக் கூடிய காலம் எடுக்கும். ஆகவே கிழமையில் மூன்று நாட்கள் போதும். இடையில் ஒருநாளாவது ஓய்வு வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் ஓடவே வேண்டாம். 20 முதல் 30 நிமிடம் விரைவாக நடவுங்கள். மூன்றாம் வாரம், முதலில் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின், ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறிமாறி 20 நிமிடம் செய்யுங்கள். முடிவில் மீண்டும் ஐந்து நிமிடம் நடந்து ஆறுங்கள். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடிப் பழகாதவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. வாரத்துக்கு வாரம் ஓடும் நேரம் சிறிது சிறிதாகக் கூடி, இறுதியில் அரை மணிநேரம் நிற்காமல் ஓடும் நிலை வருகிறது. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினெட்டு வாரமானாலும் நட்டமில்லை.

மணிக்கூடு இல்லையென்றால் மின்கம்பங்களை எண்ணுங்கள். ஒரு கம்பத்துக்கு ஓட்டம், இரண்டு கம்பத்துக்கு நடை. வேகத்தை அளக்கவும் கருவி தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் கதைக்க முடியுமானால் வேகம் சரி. சொல் தடைப்பட்டால் நடைக்கு மாறுங்கள்.

நெஞ்சு படபடக்கும்போது

ஓடும்போது நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. பயம் வரும்போதும் இவையேதான் நடக்கின்றன. போரின் நடுவே வாழ்ந்தவர்களுக்கு இந்த ஒற்றுமை சில வேளைகளில் பழைய நினைவுகளைக் கிளறிவிடும். எமது குழுவில் ஓர் அக்கா, இரண்டாம் நாள் சற்றுத் தூரம் ஓடியதும் கைகால் நடுங்கி வீதியோரத்தில் இருந்துவிட்டார். "செல் வாற நேரம் மாதிரி இருக்குது" என்றார். அவரோடு இருந்து, சுற்றிலும் தெரிவதைச் சொல்லச் சொன்னோம். பனைமரம், வாய்க்கால், மாடு, தன் செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல மூச்சு இறங்கியது. அதன்பின் ஒரு மாதம் அவர் நடக்க மட்டுமே செய்தார். பிறகு அரைக் கம்பத் தூரம் ஓடினார். நெஞ்சு அடித்தது, தானாகவே அடங்கியது. அடிக்கிற நெஞ்சு அடங்கும் என்பதைத் திரும்பத் திரும்ப அனுபவிப்பதால் உடலின் பயம் குறைகிறது. ஆயினும் இதில் அவசரம் கூடாது, எவரையும் வற்புறுத்தவும் கூடாது. நடுக்கமும் கெட்ட கனவுகளும் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவர்கள்

இருதய நோய், பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களும், உடலில் செல் துண்டு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். குழந்தை பெற்றவர்கள் மூன்று மாதமாவது செல்லும்வரை நடையோடு நிற்கட்டும். சீனிக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் வெறுவயிற்றில் ஓடக்கூடாது. கையில் சீனி அல்லது ரொபி வைத்திருங்கள். வெறுங்காலோடு போகாமல், வீடு திரும்பியதும் பாதத்தில் காயம் உண்டா என்று பாருங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

செயற்கைக்கால் பொருத்திய சகோதரிகளே, நடப்பதற்கென்று செய்த காலில் ஓட வேண்டாம். தோல் உரசிப் புண்ணாகாத அளவுக்கு நடவுங்கள், கதிரையில் இருந்தபடி கைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். எமது குழுவில் அவ்வாறான ஒருவர்தான் நேரம் பார்ப்பவர்.

பலர் சொல்லக் கூச்சப்படும் விடயம் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் பெற்ற பெண்களுக்கு ஓடும்போது, சில வேளை தும்மும்போதும், சிறுநீர் கசியலாம். இது வெட்கப்பட வேண்டியதல்ல. அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பெரும்பாலும் குறைக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இடமும் உடையும் ஊர்வாயும்

விலைகூடிய சப்பாத்து வேண்டியதில்லை. காலில் கழராமல் நிற்பதும் அடி மெத்தென்று இருப்பதும் போதும். பஞ்சாபி உடுப்போடு ஓடலாம். சால்வையைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மார்பை இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடை அவசியம். மாதவிடாய் நாட்களில் உடல் இடம் கொடுத்தால் ஓடுவதில் தவறில்லை.

சனநடமாட்டமுள்ள வீதி, பாடசாலை மைதானம், கோயில் வீதி ஆகியவை பொருத்தமான இடங்கள். வன்னியில் உள்ளவர்கள் பற்றைக்குள் செல்லும் குறுக்குப் பாதைகளைத் தவிர்க்கவும். கண்ணிவெடி அடையாளம் இட்ட இடத்தைத் தாண்டவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஊர்வாய். "புருசன் இல்லாதவள் விடியப்புறம் எங்க ஓடுறாள்?" என்று எம்முடன் வந்த ஒருவரைப் பற்றிக் கதை வந்தது. கணவனை இழந்த பெண்ணின் நடையையும் உடையையும் ஊர் முழுவதும் கண்காணிப்பது எமது சமூகத்தில் வேரூன்றிய வழக்கம். இதைத் தனியொருத்தி எதிர்கொள்வது கடினம். நான்கு பேராகச் சென்றபோது கதை குறைந்தது. மாமியார் ஒருவரையும் நடக்க அழைத்துச் சென்றபின் அது அறவே நின்றது.

பழக்கமாக்குவது எப்படி?

உற்சாகம் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். அதன்பின் எம்மைக் கொண்டுசெல்வது பழக்கம் ஒன்றே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றில், புதிய செயலொன்று தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்கள் போதுமாயின. சிலருக்கு 254 நாட்கள்வரை செல்லும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம். அடுத்த நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் செய்யும் ஒரு வேலையோடு ஓட்டத்தை இணைத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டதும், அல்லது மாலையில் மாட்டைக் கட்டியதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடிய நாளில் நாட்காட்டியில் ஒரு புள்ளடி போடுங்கள். துணை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் காத்து நிற்கிறார் என்றால் சோம்பல் தானாகவே விலகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் முறைவைத்துப் பார்க்கலாம். நாங்கள் மூவர் ஓட, நாலாமவர் பிள்ளைகளுடன் மைதான ஓரத்தில் இருப்பார். அடுத்தநாள் ஆள் மாறும்.

எம்மோடு தொடங்கிய பதினொரு பேரில் இப்போது வருபவர்கள் ஆறு பேர். மற்றவர்களின் வேலையும் வீட்டுச் சூழலும் இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இருக்கும் ஆறு பேரில் இருவர் இன்னும் ஓடவில்லை, நடக்கிறார்கள். அதுவும் எமக்குக் கணக்கில் சேரும்.

சகோதரிகளே, குடும்பத்துக்காக ஓடியோடி உழைக்கும் நீங்கள், கிழமையில் மூன்று அரைமணி நேரத்தை உங்கள் உடலுக்கென்று ஒதுக்குவது சுயநலமாகாது. உங்கள் ஒழுங்கையில் உள்ள இரண்டு பேரிடம் இன்றே கேட்டுப் பாருங்கள். வருகிற திங்கட்கிழமை மாலை, வெயில் தாழ்ந்ததும், முதல் இருபது நிமிடத்தை நடந்து தொடங்குங்கள்.