ஒரே டேப், ரெண்டு மெஷின்: ஸ்டீவ் ரைஷின் இசை

மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட் நேரம். ரெண்டு ஆர்டுயினோ போர்டு, ரெண்டிலும் ஒரே கோடு. வினாடிக்கு ஒரு தடவை எல்.இ.டி. மின்னணும், அவ்வளவுதான். ஒரே ஸ்விட்சில் பவர் கொடுத்தோம். முதல் நிமிஷம் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா மின்னுச்சு. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா ஒண்ணு முன்னாடி போகுது, ஒண்ணு பின்னாடி வருது.

"கோடு ஒண்ணுதானேடா, அப்புறம் எப்படி?" என்றான் ரூம்மேட்.

பதில் உங்களுக்கே தெரியும். கோடு ஒண்ணுதான், ஆனா ரெண்டு போர்டிலும் இருக்கும் ரெசனேட்டர் வேற வேற. எந்த ரெண்டு கடிகாரமும் அச்சு அசலா ஒரே வேகத்தில் ஓடாது. நாங்க அதை ஒரு தப்பா நினைச்சோம். ஒரு வயரை இழுத்து ரெண்டையும் ஒரே க்ளாக்கில் கட்டி, மார்க்கை வாங்கிட்டு மறந்துட்டோம்.

1965இல் அமெரிக்காவில் ஒருத்தர் இதே தப்பைப் பார்த்தார். அவர் அதைத் திருத்தவில்லை, உட்கார்ந்து கேட்டார். அந்தத் தப்பிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டு இசையில் ஒரு புது வழியே பிறந்தது. அவர் பெயர் ஸ்டீவ் ரைஷ். ஸ்பெல்லிங்கைப் பார்த்து நான் ரொம்ப நாள் 'ரீச்' என்றுதான் சொல்லிட்டு இருந்தேன். நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

டாக்ஸி ஓட்டிய இசையமைப்பாளர்

ரைஷ் 1936இல் நியூயார்க்கில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது இசை இல்லை, தத்துவம். அதுக்கு அப்புறம்தான் ஜூலியார்ட் இசைப்பள்ளி. பிறகு கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரி, அங்கே இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் படிப்பு. மாஸ்டர்ஸ் முடித்தவர் பேராசிரியர் வேலைக்குப் போகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் டாக்ஸி ஓட்டினார். சும்மா ஓட்டவில்லை, வண்டிக்குள் மைக் வைத்து, பதிவான பேச்சையும் சத்தத்தையும் வெட்டி ஒட்டி ஒரு டேப் படைப்பும் செய்தார்.

பின்னாளில் நியூயார்க்கில் இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஃபிலிப் கிளாஸும் இவரும் சேர்ந்து வீட்டு சாமான் ஏற்றி இறக்கும் ஒரு சின்ன கம்பெனி நடத்தினார்கள். சோஃபா தூக்கி வாடகை கட்டினார்கள், மிச்ச நேரத்தில் இசை எழுதினார்கள். ப்ளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் நமக்கு இதைக் கேட்டா கொஞ்சம் ஆறுதல்தான்.

தப்பு பிடித்த கதை

1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் ஸ்கொயரில் ஒரு கறுப்பின தெருப் பிரசங்கி நோவாவையும் வெள்ளத்தையும் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். ரைஷ் அதைப் பதிவு செய்தார். 'மழை வரப்போகுது' என்ற பொருள் தரும் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, டேப்பின் ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினார். இதைத்தான் டேப் லூப் என்கிறோம். அதே மாதிரி ரெண்டு லூப், ரெண்டு மெஷின். ஒன்றின் முதல் பாதி மேல் இன்னொன்றின் இரண்டாம் பாதி விழ வேண்டும், அதுதான் அவர் போட்ட ப்ளான்.

ஹெட்ஃபோனை மாட்டி ரெண்டையும் ஓட விட்டார். தற்செயலாக ரெண்டும் ஒரே இடத்தில் ஆரம்பித்தன. பிறகு ஒரு மோட்டார் இம்மியளவு வேகமாக ஓட, சத்தம் மெதுவாக ஒரு காதுப் பக்கம் நகர ஆரம்பித்தது. அப்புறம் எதிரொலி மாதிரி ஆனது, கடைசியில் ரெண்டு குரலாகப் பிரிந்தது.

இதில் இருக்கும் எஞ்சினியரிங்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரே சத்தம் ரெண்டு காதிலும் ஒரே நேரத்தில் வந்தால், அது தலைக்கு நடுவில் கேட்பது போல இருக்கும். ஒரு காதுக்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாக முந்தி வந்தாலே போதும், மூளை 'சத்தம் அந்தப் பக்கம் இருக்கு' என்று முடிவு கட்டிவிடும். இடைவெளி பல மடங்கு கூடினால் எதிரொலி. இன்னும் கூடினால் ரெண்டு தனிக் குரல், அதாவது ஒருத்தர் பாட இன்னொருத்தர் பின்னாலேயே அதையே பாடுவது மாதிரி. இந்த மூணு நிலையையும் அந்த ரெண்டு மோட்டார்களும் யாரும் தொடாமலேயே வரிசையாகக் காட்டிவிட்டன.

ரைஷ் தன் பழைய ப்ளானைத் தூக்கிப் போட்டார். இந்த நகர்வுதான் இசை என்று முடிவு செய்தார். அப்படி வந்த படைப்பு 'இட்ஸ் கான்னா ரெயின்', 1965. இந்த முறைக்கு ஃபேஸிங் என்று பெயர். சிக்னல்ஸ் பேப்பரில் வரும் அதே ஃபேஸ்தான்.

டேப்பில் இருப்பது யார் குரல்?

அடுத்த வருஷம் வந்தது 'கம் அவுட்'. இதை ஒரு டெக்னிக்காக மட்டும் கேட்க முடியாது. நியூயார்க்கின் ஹார்லமில் ஆறு கறுப்பின இளைஞர்கள் மேல் கொலை வழக்கு. அவர்களில் ஒருவர் டேனியல் ஹாம். காவல் நிலையத்தில் தன்னை அடித்ததைப் பற்றி அவர் பேசிய பதிவு இருந்தது. ரத்தம் வெளியே தெரிபவர்களை மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அதனால் தன் உடம்பில் கன்றிப்போன இடத்தைத் தானே அழுத்தித் திறந்து ரத்தத்தைக் காட்டினேன் என்கிறார் அதில். அந்த ஆறு பேரின் மறுவிசாரணைக்குப் பணம் திரட்டும் நிகழ்ச்சிக்காக ரைஷ் அந்தப் பேச்சிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தார்.

முதலில் வாக்கியம் முழுசாகக் கேட்கும். பிறகு அதில் சில வார்த்தைகள் மட்டும் ரெண்டு குரலாக, நாலாக, எட்டாகப் பிரியும். சுமார் 13 நிமிஷம். கடைசியில் வார்த்தையே இல்லை, ஒரு இரைச்சல்தான் மிச்சம்.

இதை முதல் தடவை நைட் ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் கேட்டேன். பாதியில் நிறுத்திட்டேன். அடி வாங்கின ஒரு பையனின் குரலை அர்த்தம் தொலையும் வரைக்கும் திருப்பித் திருப்பிப் போடுவது சரியான்னு தோணுச்சு. அடுத்த நாள் முழுசாகக் கேட்டேன். நியூஸில் ஒரு தடவை வந்தால் அந்த வாக்கியத்தை நான் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன். இங்கே 13 நிமிஷம் தப்பிக்க வழியே இல்லை. அந்த இளைஞர் சொன்னதை யாரும் காதில் வாங்காதபோது அது வெறும் சத்தமாகத்தானே ஆகியிருக்கும்? இது என் வாசிப்பு மட்டும்தான். முதல் நாள் வந்த சந்தேகமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ரெண்டும் இருக்கட்டும்.

மெஷினை நகர்த்தி வைத்தவர்

இப்போ ஒரு கேள்வி. மெஷினால் வந்த இந்த நகர்வை மனுஷனால் செய்ய முடியுமா? ரைஷ் முதலில் தான் வாசித்த பியானோவை டேப்பில் பதிந்து, அதோடு சேர்ந்து வாசித்து, மெதுவாக முந்திப் பார்த்தார். முடிந்தது! அப்புறம் டேப்புக்குப் பதில் ஒரு நண்பர் உட்கார்ந்தார். 1967இல் 'பியானோ ஃபேஸ்' வந்தது. 12 ஸ்வரம் உள்ள ஒரே வரியை ரெண்டு பேரும் வாசிப்பார்கள். ஒருவர் அசையாமல் நிற்பார். மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, சரியாக ஒரு ஸ்வரம் முந்தியதும் அங்கே பூட்டிக்கொள்வார். திரும்பவும் முந்துவார். பன்னிரண்டு தடவை முந்தினால் ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா வந்துவிடுவார்கள். நடுவில் யாருமே வாசிக்காத மெட்டுகள் நம் காதில் கேட்கும், ரெண்டு கையெழுத்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மூணாவது ஒரு உருவம் தெரிகிற மாதிரி.

அடுத்து நடந்ததுதான் நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். 1968-69இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒரு எஞ்சினியரின் உதவியோடு ரைஷ் ஒரு எலக்ட்ரானிக் கருவி செய்தார். 'ஃபேஸ் ஷிஃப்டிங் பல்ஸ் கேட்' என்று பெயர். ஒவ்வொரு ஸ்வரமும் எந்த நொடியில் ஒலிக்கணும் என்பதை அது துல்லியமாகக் கட்டுப்படுத்தும். பிழையே கிடையாது. 1969இல் நியூயார்க்கில் அதை மேடையேற்றினார். பிறகு ஓரம் கட்டிவிட்டார். காரணம்? அது ரொம்பத் துல்லியமாக இருந்தது. விறைப்பாக, உயிரில்லாமல் இருந்தது என்று அவருக்கே பட்டது. இசைக்கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும்போது வரும் நுண்ணிய ஏற்ற இறக்கம் அதில் இல்லை.

நான் இந்த இடத்தைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஸ்பெக் எல்லாம் பாஸ் ஆன ப்ராஜெக்ட். மேடையில் வேலையும் செய்தது. ஆனால் செய்தவரே 'இது நான் தேடினது இல்லை' என்று சொல்லிட்டார். நம்ம ரிவ்யூவில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

ஆனா அந்த உழைப்பு வீண் போகவில்லை. அந்தக் கருவியை வைத்து யோசித்ததிலிருந்துதான் 'ஃபோர் ஆர்கன்ஸ்' வந்தது, 1970இல். ஒரே ஒரு கார்டு, அது நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான் படைப்பு. 1973இல் கார்னகி ஹாலில் இதை வாசித்தபோது கூட்டம் கத்தி, கூச்சல் போட்டு, நிறுத்தச் சொன்னது. கடைசி வரை வாசித்து முடித்தார்கள்.

கை தட்டினாலே போதும்

1970 கோடையில் ரைஷ் கானாவுக்குப் போய், அங்கே ஏவே மக்களின் தாள வாசிப்பைக் கற்றார். திரும்பி வந்து எழுதிய 'டிரம்மிங்' ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். வண்டி வண்டியாக வாத்தியம் தூக்கி அலுத்த பிறகு, உடம்பு மட்டும் இருந்தால் போதும் என்று 1972இல் எழுதினது 'கிளாப்பிங் மியூசிக்'. ரெண்டு பேர், நாலு கை. இதை நீங்களே செய்து பார்க்கலாம். × என்றால் தட்டு, – என்றால் சும்மா இரு:

× × × – × × – × – × × –

12 அடி, 8 தட்டு. முதல் ஆள் இதையே கடைசி வரை தட்டணும். இரண்டாம் ஆள் முதலில் சேர்ந்து தட்டி, பிறகு ஒரு அடி தள்ளி ஆரம்பிக்கணும்:

× × – × × – × – × × – ×

இங்கே டேப் மாதிரி மெதுவான நகர்வு இல்லை, நேரடியாக ஒரு படி தாவல். டிஜிட்டல் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்னே வச்சுக்கோங்க. 12 தாவலுக்குப் பிறகு பழைய இடம்.

ரெண்டு வரியையும் மேலே கீழே வைத்து எண்ணிப் பாருங்க. ஒரு அடி தள்ளினதும் ரெண்டு பேரும் சேர்ந்து தட்டும் இடம் எட்டிலிருந்து நாலாகக் குறையும், ஆனால் 12 அடியில் ஒன்றுகூட காலியாக இருக்காது. நான் பைத்தானில் எல்லா நிலையையும் ஓட்டிப் பார்த்தேன். இப்படி இடைவெளியே இல்லாமல் நிரம்புவது 1, 6, 11 ஆகிய மூணு தாவலில் மட்டும்தான். மற்றதில் எல்லாம் அங்கங்கே மூச்சு விட இடம் இருக்கும். வெறும் எட்டு தட்டில் இவ்வளவு வேறுபாடு வரும்னா, அந்த முதல் வரியை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்!

நானும் ரூம்மேட்டும் ஒரு வாரம் முயற்சி பண்ணினோம். மூணாவது தாவலைத் தாண்டவே இல்லை. அசையாமல் ஒரே வரியைத் தட்டுபவனுக்குத்தான் வேலை கஷ்டம், பக்கத்தில் இருப்பவன் இழுத்துக்கிட்டே இருப்பான்.

மூச்சும் ரயிலும்

1976இல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் அரங்கேறியது 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்'. முழு மணி நேரமும் 11 கார்டுகளைச் சுற்றியே நடக்கும். கண்டக்டர் கிடையாது. எப்போ அடுத்த கட்டத்துக்கு மாறணும் என்பதை வைப்ரஃபோன் தன் ஒலியால் சொல்லும். ஊதுபவர்களும் பாடுபவர்களும் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கணும்? தங்கள் மூச்சு இருக்கும் வரை. ஒரு பக்கம் பியானோவும் மரிம்பாவும் கடிகாரம் மாதிரி ஓட, அதன் மேல் மனுஷ மூச்சு அலை அலையாக வந்து போகும். பல்ஸ் கேட்டில் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

1988இல் 'டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்'. ரைஷின் பெற்றோர் அவர் குழந்தையாக இருந்தபோதே பிரிந்தவர்கள். அம்மா லாஸ் ஏஞ்சலஸில், அப்பா நியூயார்க்கில். 1939 முதல் 1942 வரை ஒரு ஆயாவோடு ரயிலில் அங்கும் இங்கும் போய்வந்தார். பெரியவரானதும் அவருக்குத் தோன்றியது: யூதனான நான் அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், ஏறியிருக்கும் ரயிலே வேறு. அந்த ஆயா, ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஊழியர், நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் என எல்லார் குரலையும் சேர்த்தார். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வயலினும் வியோலாவும் செல்லோவும் வாசிக்கும்.

'கம் அவுட்'டில் குரல் கரைந்து இரைச்சலானது. இங்கே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும். இந்தப் படைப்புக்குக் கிராமி கிடைத்தது. 2009இல் 'டபுள் செக்ஸ்டெட்'டுக்குப் புலிட்சர் பரிசும் வந்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் 'கிளாப்பிங் மியூசிக்', அஞ்சு நிமிஷம்தான். பிடித்தால் 'மியூசிக் ஃபார் 18', முதல் பத்து நிமிஷம் போரடிக்கலாம், ஓட்டிடாதீங்க. 'டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்' வேற எந்த வேலையும் செய்யாமல் கேட்கணும். 'கம் அவுட்' தனியாக, ஹெட்ஃபோனில்.

போன வாரம் லேபில் பழைய போர்டு ரெண்டையும் எடுத்தேன். ஒரே க்ளாக்கில் கட்டியிருந்த அந்த வயரைப் பிடுங்கிட்டு, ரெண்டிலும் எல்.இ.டி.க்குப் பதில் பஸ்ஸரை மாட்டி ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் ரெண்டு 'பீப்'பும் பிரிய ஆரம்பிச்சது. லேப் அசிஸ்டன்ட் அண்ணா வந்து, "என்னப்பா, சிங்க் ஆகலையா?" என்றார்.

"இல்லண்ணா, வேணும்னேதான்" என்றேன். அவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.