கணிப்பொறியின் முதற்பாடம்

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்பவர்கள் நம் ஆஸ்டின் டவுன் பிள்ளைகள். இங்கே குடியிருந்து, பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம், அதாவது புரோகிராம் எழுதக் கற்றுத் தரும் என்னிடம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், பையனுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. கம்ப்யூட்டர் படிப்பு ஒத்து வருமா?"

தாராளமாக வரும். 1989இல் தரப்படுத்தப்பட்ட 'சி' மொழியில் அடிப்படைச் சொற்கள் மொத்தம் 32தான். நம் உயிரும் மெய்யும் சேர்ந்தாலே 30 ஆகிவிடுகிறது! சொற்களைக் கற்பது ஒரு வாரத்து வேலை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வேலையைப் படிப்படியாக, ஒன்றும் விடாமல் சொல்லப் பழகுவதே அது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவர்கள் பலர், 'பெரியது = 0' என்று தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதனோடு ஒப்பிட்டு, பெரிதாக இருந்தால் மாற்றிக்கொள் என்று எழுதுவார்கள். பரீட்சை மார்க்குகளுக்குச் சரியான விடை வரும். அதே நிரலுக்குக் குளிர்காலத்துக் காஷ்மீரின் வெப்பநிலைகளாக -5, -3, -8 என்று கொடுத்தால்? விடை 0 என்று வரும். பட்டியலிலேயே இல்லாத எண்! கணிப்பொறி எந்தப் பிழையும் சொல்லாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். பட்டியலின் முதல் எண்ணையே 'பெரியது' என்று வைத்துத் தொடங்கினால் சிக்கல் தீர்ந்தது. இந்தத் திருத்தத்துக்கு ஆங்கிலப் புலமை வேண்டாம், யோசனை வேண்டும்.

இந்த யோசனையை நாட்டுக்கே கற்பித்தவர்களில் முதன்மையானவர் 1933இல் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தது. துளையிட்ட அட்டைகளில் நிரல் கொடுத்த காலம் அது. 1965இல் அங்கே கணிப்பொறியியலை எம்.டெக். மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. போர்ட்ரான் மொழியில் நிரலெழுத அவர் எழுதிய பாடநூல் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியது. 1980களில் அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் எம்.சி.ஏ. படிப்பு பிறந்தது. பொறியியல் கல்லூரிக்குப் போகாத எத்தனையோ பட்டதாரிகளுக்கு அந்தப் படிப்பால் வாசல் திறந்தது. 1982இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர், 1998இல் பத்மபூஷண் விருது பெற்றார்; 2025 நவம்பரில் இந்நகரிலேயே மறைந்தார்.

"இப்போதுதான் செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறதே, பிள்ளைகள் எதற்குக் கற்க வேண்டும்?" என்றும் கேட்கிறார்கள். அது எழுதித் தரும் நிரலில் அந்த 'பெரியது = 0' ஒளிந்திருந்தால் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாக நம் பிள்ளை இருக்கட்டும்.

ஆகவே பெற்றோர்களே, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எழுதிய நிரலை வரிவரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் வாய் தடுமாறுகிறதோ, அந்த வரியைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.