டி.வி. முன்னால் ஆட்டம், முற்றத்தில் கும்மி



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், கடன் தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்து டீக்காக உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரே பாட்டுச் சத்தம். எட்டிப் பார்த்தால், அந்த வீட்டுப் பேத்தி கையில் செல்போனைப் பிடித்தபடி டி.வி. முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறாள். டி.வி.யில் ஓர் உருவம் ஆடுகிறது. அதைப் பார்த்து இவள் ஆடுகிறாள். சரியாக ஆடினால் மார்க் ஏறுகிறது.

"ஏ பாப்பா, இங்க குடு. நானும் பாக்குறேன்" என்று நம்ம அக்கா ஒருவர் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார். வயது 46. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அக்காவும் சளைக்காமல் ஆடினார். ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாள் பூரா வெயில்ல குனிஞ்சு பருத்தி எடுப்பேன், ஒன்னும் ஆவாது. ஒரு பாட்டுக்கு இப்படி மூச்சு வாங்குதே, ஏன்?" என்று கேட்டார்.

அன்று யாரிடமும் பதில் இல்லை. நமக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வேலையும் உடற்பயிற்சியும் ஒன்றா?

"காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் ஆடிட்டுத்தானே இருக்கோம், எங்களுக்கு எதுக்குத் தனியா ஆட்டம்?" என்று நம்மில் பல பேர் கேட்போம். வயல் வேலை, வீட்டு வேலை எல்லாமே உடல் உழைப்புதான். உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் நாம் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பெரம்பலூர் பக்கம் பருத்தி எடுக்கிறோம், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிகிறோம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைக்கிறோம். வீட்டுக்கு வந்தால் தையல் மெஷின். குனிந்தால் குனிந்தபடி, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி பல மணி நேரம். கை ஓயாமல் வேலை செய்கிறது. இடுப்பும் கழுத்தும் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கின்றன. இதயம் கொஞ்ச நேரம் வேகமாகத் துடித்து, பிறகு அமைதியாகும் பயிற்சி அதில் குறைவு. உடம்பு அசதியாகிறது. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய பயிற்சி கிடைப்பதில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அம்மி, ஆட்டுக்கல், உரல் போய் மிக்ஸி, கிரைண்டர் வந்துவிட்டது. கிணற்றில் இறைத்த தண்ணீர் குழாயில் வருகிறது. நல்லதுதான். அந்தச் சிரமம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டு அளவு அப்படியே இருக்க, அசைவு மட்டும் குறைந்துவிட்டது.

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேருக்கு எடை அதிகம். அதே கணக்கெடுப்பில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது ஒரு பக்கம் எடை கூடுகிறது, இன்னொரு பக்கம் ரத்தம் குறைகிறது. இரண்டும் ஒரே பெண்ணுக்கும் இருக்கலாம்.

அது என்ன விளையாட்டு?

இந்த ஆட்ட விளையாட்டு புதிதல்ல. ஜப்பானில் கொனாமி என்ற கம்பெனி 1998-ல் "டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்" என்ற விளையாட்டைக் கொண்டு வந்தது. தரையில் முன், பின், இடது, வலது என்று நான்கு அம்புக்குறி. திரையில் எந்த அம்பு வருகிறதோ, பாட்டின் தாளத்துக்குத் தகுந்தபடி அதைக் காலால் மிதிக்க வேண்டும். நம்ம ஊர் பாண்டி ஆட்டத்துக்குப் பாட்டுச் சேர்த்த மாதிரி.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலத்தில் குழந்தைகளுக்கு உடல் பருமன் பெரிய பிரச்சினையாக இருந்தது. அங்குள்ள 765 அரசுப் பள்ளிகளிலும் இந்த விளையாட்டை வைப்பதாக 2006-ல் அறிவித்தார்கள். ஓடச் சொன்னால் ஓடாத பிள்ளைகள்கூட பாட்டுப் போட்டால் ஆடுவார்கள் என்பதுதான் காரணம்.

பிறகு 2009-ல் "ஜஸ்ட் டான்ஸ்" வந்தது. இதில் மிதிக்கும் பலகை கிடையாது. கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். 2014 முதல் செல்போனையே அந்தக் கருவியாக வைத்து ஆடும் வசதியும் வந்தது. அந்தப் பேத்தி ஆடியதும் இதே முறைதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையில் இருக்கும் போனுக்குக் கை அசைவது மட்டும்தான் தெரியும். கால் அசைகிறதா, இடுப்பு வளைகிறதா என்று அதற்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினாலும் மார்க் வாங்கிவிடலாம்! ஆகவே மார்க்கை நம்ப வேண்டாம். உங்கள் மூச்சை நம்புங்கள்.

மூச்சுதான் அளவுகோல்

டாக்டர்கள் சொல்லும் எளிய சோதனை இது. ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் நிம்மதியாக முழுப் பாட்டு பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சாவகாசமாகப் பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தை பேசவே திணறினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 150 வந்துவிடும். அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் 10, மதியம் 10, மாலையில் 10 என்று பிரித்தும் செய்யலாம். நம்ம சிறுசேமிப்பு மாதிரிதான்.

கும்மிக்கு என்ன குறைச்சல்?

அந்த விளையாட்டில் பிள்ளைகளை இழுப்பது எது? பாட்டு, தாளம், பார்த்து ஆட ஒரு ஆள், கூட ஆடும் கூட்டம், "சபாஷ்" என்ற பாராட்டு. இந்த ஐந்தும் கும்மியில் இருக்கிறதே!

முளைப்பாரிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வட்டம் கட்டி கும்மி கொட்டியவர்கள்தான் நாம். ஒருவர் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடந்துகொண்டே குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. கை, தோள், இடுப்பு, தொடை எல்லாம் அசைகிறது. வாங்கிப் பாடும் நேரத்தில் மூச்சுக்கு ஓய்வும் கிடைக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

கோவை பக்கம் வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது. பத்திரப்பன் என்ற பெரியவர் அதைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 87 வயதில், 2024-ல், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. "வயசான காலத்துல ஆட்டம் என்ன ஆட்டம்?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

டி.வி. முன்னால் ஆடினாலும் சரி, முற்றத்தில் கும்மி கொட்டினாலும் சரி, முறை ஒன்றுதான்.

1. முதல் 5 நிமிடம் மெதுவாக நடை. தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றையும் மெல்லச் சுழற்றுங்கள்.

2. பிறகு ஆட்டம். முதல் வாரம் 5 நிமிடம் போதும். வாரம் ஒன்றுக்கு 5 நிமிடம் கூட்டினால் நாலாவது வாரம் 20 நிமிடம் வந்துவிடும்.

3. கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடை. சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும்.

4. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. சுவரில் இரு கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிமிர்வது 10 முறை.

காலை வெயிலுக்கு முன்னால், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு ஆடுங்கள். சாப்பிட்ட உடனே வேகமாக ஆட வேண்டாம். சேலை தடுக்காமல் தூக்கிச் சொருகுங்கள். சுடிதார் வசதி. ஈரத் தரை, பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். டி.வி. முன்னால் நாலு பக்கமும் கை நீட்டினால் எதுவும் இடிக்காத அளவுக்கு இடம் விடுங்கள். வியர்த்த கையில் போன் வழுக்கும், கவனம்.

யாருக்குக் கவனம் தேவை?

முட்டி வலி உள்ளவர்கள்: குதிக்க வேண்டாம், ஆழமாகக் குனியவும் வேண்டாம். பக்கவாட்டில் நடந்து கை மட்டும் கொட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்தும் கை கால் ஆட்டலாம்.

சுகர் உள்ளவர்கள்: மாத்திரை அல்லது ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை குறைகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலுடன் ஆட வேண்டாம்.

பிரஷர் உள்ளவர்கள்: மாத்திரையை நிறுத்திவிட்டு ஆட்டத்தை நம்பக் கூடாது. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், அளவு மீறிய மூச்சிரைப்பு வந்தால் நிறுத்தி உடனே டாக்டரிடம் போங்கள்.

கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்களும் டாக்டரையோ கிராம செவிலியரையோ கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போல இருக்கிறதா? இது நம்மில் பல பேருக்கு உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. குதிக்கும் ஆட்டத்தைத் தவிர்த்து டாக்டரைப் பாருங்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை 5 எண்ணும் வரை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

எடை எவ்வளவு குறையும்?

உண்மையைச் சொல்லிவிடுவோம். 55 கிலோ எடையுள்ள பெண் 30 நிமிடம் மிதமாக ஆடினால் சுமார் 130 கலோரி செலவாகும். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுபவர் என்றால், மூன்று டீயில் இருக்கும் சர்க்கரை அளவுதான் அது. ஆடிவிட்டு வடையும் இனிப்பு டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பிரஷர் கட்டுக்குள் வர உதவுகிறது. தூக்கம் நன்றாக வரும். மாதவிலக்கு நின்ற பிறகு வலுவிழக்கும் எலும்புக்கும் நல்லது.

கடன் வாங்க வேண்டாம்

விளையாட்டுப் பெட்டி பல ஆயிரம் ரூபாய். அதற்காகக் குழுக் கடன் எடுக்காதீங்க. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுங்க. செல்போனில் ஆடும் வகையிலும் எல்லாப் பாட்டும் இலவசம் இல்லை. நெட்டும் செலவாகும். பணம் கேட்டால் ஏ.டி.எம். கார்டு எண்ணையோ ஓ.டி.பி.யையோ யோசிக்காமல் கொடுத்துவிடாதீங்க.

அந்த அக்கா என்ன ஆனார்?

நாங்கள் வற்புறுத்திய பிறகு அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ரத்தம் 8.6 கிராம். பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. மூச்சு வாங்கியதற்கு முக்கியக் காரணம் ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் உடம்புக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். மெதுவான வேலையில் அது தெரியவில்லை. வேகமாக ஆடியதும் காட்டிக் கொடுத்துவிட்டது. இத்தனை வருஷம் "வேலை அசதி" என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது, எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காய் சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும் என்றும் சொன்னார். ரத்தம் ஏறும் வரை மெதுவான நடை போதும் என்றார். இப்போது அக்கா சாயங்காலம் நடக்கிறார். "ரத்தம் ஏறட்டும், அந்தப் பாப்பாவ ஜெயிச்சுக் காட்டுறேன்" என்கிறார்.

சகோதரிகளே, நாம் ஒரு யோசனை சொல்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் 15 நிமிடம் கும்மி. அதற்கு முன், உறுப்பினர் எல்லாரும் ஒருமுறை ரத்தம், சுகர், பிரஷர் பார்த்துவிட வேண்டும். ஊக்குநர் அதைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். தவணை தவறினால் கேட்கிறோம் அல்லவா? அதே மாதிரி இதையும் ஒருவரை ஒருவர் கேட்போம்.

வீட்டில் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். நாளுக்கு அரை மணி நேரம் நமக்காக எடுத்துக்கொள்வது தப்பில்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம்!