புதிய ஆட்டக்காரருக்கு யார் காவல்?

தமிழ்நாட்டுச் சிறுவர் விளையாட்டுகளில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு சிறு குழந்தை அழுதால் அதை விரட்டிவிடுவதில்லை, சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது பிடிபட்டால் ஆட்டமிழந்ததாகக் கொள்ள மாட்டார்கள். அது ஓடலாம், கூவலாம், பார்த்துப் பார்த்து விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். ஓராண்டோ ஈராண்டோ சென்றபின் அதுவே முழு ஆட்டக்காரனாகிவிடும். அந்தக் குழந்தையைப் பிடித்துவிட்டு வென்றேன் என்று மார்தட்டுகிறவனை மற்றப் பிள்ளைகளே எள்ளி நகையாடித் திருத்திவிடுவார்கள். கொல்லிமலைப் பள்ளிகளில் நான் பணியாற்றிய காலத்தில், மைதானம் என்று சொல்லத்தக்க சமதரை இல்லாத சிற்றூர்களிலும் இவ்வழக்கம் தவறாமல் நடந்ததைக் கண்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் ஆடுகிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டிய மலையில், அலை கிடைக்கும் மேடு பார்த்து உட்கார்ந்துகொண்டு, உலகத்தோடு ஆடுகிறார்கள். எதிரே ஆடுகிறவன் சென்னையில் இருக்கிறானோ சிங்கப்பூரில் இருக்கிறானோ தெரியாது. நேற்று வந்தவனா, ஐந்தாண்டு பழகியவனா என்பதும் தெரியாது. முகம் தெரியாத கூட்டத்தில் சப்பாணி யாரென்று எப்படி அறிவது? அதை அறிந்தவர் ஒருவரே உளர். யார் எந்த நாளில் சேர்ந்தார், எத்தனை ஆட்டம் ஆடினார், யாருக்கு என்ன கொடுத்தார் என்ற கணக்கெல்லாம் ஆட்டத்தை ஆக்கி நடத்தும் நிறுவனத்தாரிடம் இருக்கிறது. ஆகவே, புதியவரைச் சுரண்டும் ஆட்டக்காரரை நிறுவனத்தார் தண்டிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் விடை. எவ்வாறு, எந்த அளவுக்கு என்பதில்தான் நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

வல்லவன் வெல்வது குற்றமன்று. தோற்றுத்தான் எவரும் கற்கிறோம். ஆயின் தன் வலிமையை மறைத்துக்கொண்டு, புதுப்பெயர் பூண்டு, தொடக்கநிலையாளரின் நடுவே புகுந்து வேட்டையாடுவது வேறு. விலை தெரியாதவனிடம் அரிய பொருளை அற்ப விலைக்குப் பறிப்பதும், உதவுவதாகச் சொல்லி மறைசொல்லைக் கேட்டு வாங்குவதும் வேறு. 'பட்டால்தான் புத்தி வரும்' என்று சிலர் இதற்கும் நியாயம் கூறுவார்கள். ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனோடு மல்லுக்கு விட்டுவிட்டு அதைக் கல்வி என்று சொல்லும் உபாத்தியாயரை நான் கண்டதில்லை.

செம்மேட்டை அடுத்த ஓர் ஊரில், என் பழைய மாணவர் ஒருவரின் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். விடுமுறையில் மாமன் தோட்டத்தில் மிளகு பறித்துப் பெற்ற 600 ரூபாயை ஓர் ஆட்டத்தில் உடைகளும் கருவிகளும் வாங்கச் செலவிட்டிருந்தான். 'தம்பி' என்று அன்பொழுக அழைத்த ஒருவன், உன்னை மேல்படிக்கு உயர்த்தித் தருகிறேன் என்றான், மறைசொல்லைப் பெற்றான், கைப்பேசிக்கு வந்த எண்ணையும் கேட்டுப் பெற்றான். அன்று மாலையே கணக்கு பையனின் கையைவிட்டுப் போயிற்று. நிறுவனத்துக்கு முறையிட்டதில், மறைசொல்லைப் பிறருக்குத் தந்தவரே நட்டத்துக்குப் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் விடை வந்தது. அவன் தாய் அதைக் கொண்டுவந்து என்னிடம் படிக்கச் சொன்னார். விதிப்படி அந்த விடை சரிதான். ஆனால் பறித்தவனை என்ன செய்தார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கணக்கு பல வாரங்கள் ஆட்டத்தில் உலவிக்கொண்டிருந்ததைப் பையனின் தோழர்கள் கண்டார்கள். பணம் போனதைவிட அதுதான் அவனை வருத்தியது.

இச்சிக்கல் புதியதன்று. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்னும் ஆட்டத்தில், நகரின் காவல் எல்லையைத் தாண்டிய புதியவர்களைப் பழையவர்கள் கொன்று பொருளைப் பறிப்பது பெருந்தொல்லையாயிற்று. கொலை செய்தவரின் பெயரைச் சிவப்பாகக் காட்டினார்கள், அவர்களுடைய திறன்களைக் குறைத்தார்கள், அப்போதும் தீரவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஆட்ட உலகையே இரண்டாகப் பகுத்து, ஒன்றில் இணக்கமின்றித் தாக்கவே முடியாதபடி செய்தனர். ஆட்டக்காரரில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். பழைய உலகின் உயிர்ப்பு போய்விட்டதென்று இன்றும் புலம்புவோர் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் அங்கே வேட்டையாடியவர்கள், எத்தனை பேர் வேட்டையாடப்பட்டவர்கள் என்று கேட்டால் சுவையாக இருக்கும்.

ஐஸ்லாந்து நாட்டவர் 2003-இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' வேறு வழியில் சென்றது. விண்வெளியில் வாணிகமும் போரும் நடக்கும் அவ்வாட்டத்தில் வஞ்சகமும் ஆட்டத்தின் ஒரு பகுதி. கூட்டாளியாகச் சேர்ந்து களஞ்சியத்தைக் காலிசெய்துவிட்டு ஓடினாலும் நிறுவனம் தலையிடாது. ஆயினும் புதியவர்கள் முதன்முதலில் கண்விழிக்கும் சில விண்மீன் மண்டலங்களில் மட்டும் அவர்களை ஏமாற்றுவதும் தொல்லைப்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம். இவ்வளவு கொடிய களத்தை விரும்பி அமைத்தவர்களே வாசலில் ஒரு வேலி தேவை என்று கண்டார்கள் அன்றோ! வேலி எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தாண்டியபின் அவரவர் பாடு. நம் ஒப்புக்குச் சப்பாணி முறைக்கு மிக நெருங்கியது இதுதான்.

மறைந்து வருகிறவர்களைப் பிடிப்பதற்கும் வழி இருக்கிறது. 'டோட்டா 2' ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், வல்லவர்கள் எளியவரோடு மோதுவதற்காகத் திறந்துவைத்திருந்த 90,000 பொய்க் கணக்குகளை மூடியதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் உரிய மூலக் கணக்கைக் கண்டறிந்துவிட்டதாகவும், இனி மூலக் கணக்கும் தண்டிக்கப்படலாம் என்றும் கூறியது. பொய்க் கணக்கை மூடினால் வேறொன்று திறப்பான். மூலக் கணக்கில் கை வைத்தால்தான் வலிக்கும்.

நிறுவனமே புதியவனின் அறியாமையால் ஊதியம் பெறுமானால் என்ன செய்வது? சோளக்காட்டுச் சந்தையில் வியாபாரி தன் தராசுக்குத் தானே முத்திரை வைத்துக்கொள்ள முடியாது; அதற்குச் சர்க்கார் இருக்கிறது. இணைய ஆட்டத்திலோ களமும் தராசும் முத்திரையும் ஒரே கையில். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் இதன் விளைவைத் தமிழகம் கண்டது. சூதாட்டத்தைத் தடுத்து இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மசோதா 2022 அக்டோபரில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தன் ஊதியத்துக்கு எதிராகத் தானே தீர்ப்பளிக்கும் வியாபாரியை எதிர்பார்த்திருக்க முடியாதுதான்.

தண்டனை பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் மலையில் பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அண்ணன் ஆடுவான், அவன் தூங்கியபின் தம்பி தன் பெயரில் ஒரு கணக்கு திறந்து ஆடுவான். இயந்திரத்தின் கண்ணுக்கு இது வல்லவன் ஒருவன் போட்ட பொய்வேடமாகத் தோன்றக்கூடும். கணக்கை மட்டுமன்றிக் கருவியையே விலக்கிவைத்தால், பாடம் படிக்கவும் பயன்படுகிற அந்த ஒரே கைப்பேசியில் வீட்டுப் பிள்ளைகள் யாரும் இனி அந்த ஆட்டத்தை ஆட இயலாது. ஆதலால் முதற் குற்றத்துக்கு எச்சரிக்கை, அடுத்ததற்குச் சில நாள் விலக்கு, பின்னரே நிரந்தர விலக்கு என்ற படிமுறை வேண்டும். முறையீட்டை ஒரு மனிதர் படிக்க வேண்டும். தமிழில் எழுதினால் தமிழில் விடை தர வேண்டும். பறித்த பொருளைத் திருப்பித் தருவதே தண்டனையின் முதற் பகுதியாகட்டும். எல்லாம் கணக்கில் இருக்கும் உலகில் அது இயலாத காரியமன்று.

ஆட்டத்துக்கு வெளியே, வங்கிக் கணக்கிலிருந்து உண்மைப் பணமே போய்விட்டால் நிறுவனத்தின் விடைக்காகக் காத்திருக்க வேண்டாம். 1930 என்ற எண்ணில் இணையக் குற்ற உதவி மையம் இருக்கிறது. பணம் கைமாறிப் போவதற்குள் அழைத்தால் வழியிலேயே நிறுத்திவைக்க இடமுண்டு. உரையாடலை அழித்துவிடாமல் திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.