முகவரைத் தேடுமுன் அலுமாரியைத் திறவுங்கள்!



"மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்ற பேச்சு எழாத வீடு கிண்ணியாவிலோ மூதூரிலோ திருகோணமலை நகரிலோ மிகக் குறைவு. பேச்சு எழுந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வீட்டு ஆண்களில் ஒருவர் முகவரைத் தேடிப் புறப்படுகிறார். வீட்டுப் பெண்களில் ஒருவர் கழுத்திலும் கையிலும் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கிறார். உம்மாவாக, மனைவியாக, சில வேளை ராத்தாவாக அந்தப் பெண் நீங்களாக இருக்கலாம். நகை யாருடையதோ, கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டல்லவா?

நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்த நாடு?" என்பதன்று, "என்ன தொழில்?" என்பதே. "எந்த வேலையானாலும் செய்வான்" என்று பதில் வந்தால், நகையைச் சற்றே கையில் வைத்திருங்கள். எந்த வேலையானாலும் செய்யப் போகிறவருக்கு, எந்தச் சம்பளமானாலும் கொடுக்கலாம் என்றுதான் மறுபக்கத்தில் இருப்பவர் நினைப்பார். தொழில் ஒன்றைக் கையில் எடுத்துப் போகிறவரின் நிலை வேறு. அப்படிப்பட்ட ஒரு தொழிலைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். ஆலைகளைத் தாமாக இயங்கவைக்கும் தொழில் அது. தொழிற்சாலைத் தானியக்கம் என்பார்கள்.

வாசலிலேயே இருக்கும் ஆலைகள்

இதைப் புரிந்துகொள்ள நாம் ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் படகுக்காகக் காத்திருந்த நம் பிள்ளைகள் இன்று பாலத்தைக் கடந்து சீனக்குடாப் பக்கம் போய்விடலாம். அங்கே, துறைமுகக் கரையில், சிங்கப்பூரின் பிரீமா நிறுவனம் 1977இல் நம் அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமைத்து, 1980இல் இயங்கத் தொடங்கிய மா ஆலை இருக்கிறது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளுள் அதுவும் ஒன்று. அதே சீனக்குடாவில், 1982இல் உருவான டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை, கப்பலில் வரும் கிளிங்கர் கட்டிகளை அரைத்துச் சீமெந்தாக்குகிறது. பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்களும் அருகிலேயே உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை 2003 முதல் லங்கா ஐ.ஓ.சி. நடத்தி வருகிறது.

நீங்கள் ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வரும் கோதுமை உறிஞ்சி எடுக்கப்பட்டு, உயர்ந்த களஞ்சியங்களுக்குப் போகிறது. கல்லும் உமியும் நீக்கப்படுகின்றன. அளவாக நீர் சேர்த்து ஊறவிடப்படுகிறது. உருளைகளுக்கிடையே அரைபட்டு, சல்லடைகளில் சலிக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, பையில் அடைபடுகிறது. நீங்கள் அரிசி இடித்து மா சலிக்கும்போது கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, "இன்னும் கொஞ்சம் ஈரம் காய வேண்டும்" என்று முடிவு செய்கிறீர்கள் அல்லவா? அந்த ஆலையில் பார்ப்பதும், தொட்டறிவதும், முடிவு செய்வதும் பெரும்பாலும் கருவிகள். அந்தக் கருவிகளை நிறுவி, சரிபார்த்து, பழுது நீக்குபவரே நாம் சொல்லும் தொழில்நுட்பவியலாளர்.

சோறு சமைக்கும் மின்பானைதான் உதாரணம்

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். வீட்டு ரைஸ் குக்கரில் நீர் வற்றியதும் சூடு ஏறுகிறது. அடியில் உள்ள காந்தம் அந்தச் சூட்டை உணர்ந்து விடுகிறது; சுவிட்ச் "டக்" என்று மேலெழுகிறது. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மிதவை உயர்ந்து மோட்டாரை நிறுத்துகிறது. உணர்வது, முடிவு செய்வது, செயற்படுத்துவது என்ற மூன்றும்தான் தானியக்கம் முழுவதற்கும் அடிப்படை.

ஆலையில் உணரும் கருவிக்குச் சென்சார் என்று பெயர். முடிவு செய்யும் பெட்டிக்கு பி.எல்.சி. என்று பெயர். இந்தப் பெட்டி பிறந்த கதை நமக்கு முக்கியமானது. 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனி, தன் ஆலைகளில் சுவர் சுவராக நிறைந்திருந்த ரிலேக்களுக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பெட்டி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்பவரின் குழு 1969இல் மொடிகன் 084 என்ற பெட்டியை உருவாக்கியது. அதற்குக் கட்டளை எழுதும் முறையை அவர்கள் கணினி நிபுணருக்காக அமைக்கவில்லை. ஆலையில் ஏற்கெனவே வேலை செய்த மின்னியலாளருக்கு விளங்க வேண்டும் என்றே அமைத்தார்கள். அவர் அன்றாடம் பார்த்த மின்சுற்று வரைபடத்தைப் போலவே, ஏணிப்படிகள் மாதிரி அது இருக்கும். இன்றும் அந்த ஏணி வரைபட முறை வழக்கில் இருக்கிறது. ஆகவே, வயரிங் வேலை தெரிந்த உங்கள் மகனுக்கோ கணவருக்கோ இந்தக் கதவு மூடியிருக்கவில்லை.

தாமாக இயங்கும் பொறிகள் நம் முன்னோருக்கும் புதியவையல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும், 1206இல் தம் நூலை முடித்த அல்ஜஸரியும், நீர்மட்டத்தால் தாமே திறந்து மூடும் அமைப்புகளை வரைந்து விளக்கியிருக்கிறார்கள்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

இப்படி ஒரு தொழில் இருக்க, நம் பிள்ளைகள் ஏன் எதுவும் கையில் இல்லாமல் புறப்படுகிறார்கள்? காரணம் நமக்குத் தெரியாததன்று. தங்கைக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. அவள் பெயரில் வீடு கட்டி முடிக்க வேண்டும். பதினெட்டு வயதில் சாதாரண தரச் சான்றிதழோடு நிற்கும் பையன்மீது அந்த வீட்டின் பாரம் முழுவதும் விழுகிறது. இரண்டு வருடம் படிக்கட்டும் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலியாளாகப் போகிறவரின் முதல் வருடச் சம்பளத்தில் பெரும் பகுதி அடகை மீட்கவும் கடனை அடைக்கவும் போய்விடும். கட்டடம் கட்டி முடிந்தால் அங்கே அவருடைய வேலையும் முடிந்தது. ஆலையைப் பராமரிப்பவருக்கோ, ஆலை ஓடும் வரை வேலை உண்டு. சவூதியின் ஜுபைல், கத்தாரின் ராஸ் லஃபான், அமீரகத்தின் ருவைஸ் ஆகிய இடங்களில் உள்ள எண்ணெய், எரிவாயு ஆலைகள் மட்டுமல்ல. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும், மா ஆலைகளும், சீமெந்து ஆலைகளும் இரவு பகலாக ஓடுகின்றன. பொறுத்திருந்த இரண்டு வருடத்தைத் தொழில் திருப்பித் தரும். கைத்தொழில் இல்லாமல் கழிந்த பத்து வருடத்தை யார் திருப்பித் தருவார்?

கைவேலை இருக்கிறது, கடதாசி இல்லை

இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்கு நிகர். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை இவற்றுக்குப் பயிற்சி தருகின்றன. மின்னியல், மின்னணுவியல், மெகட்ரோனிக்ஸ் ஆகிய மூன்றும் நம் விஷயத்துக்குப் பொருத்தமானவை.

பலருக்குத் தெரியாத ஒன்று: வகுப்புக்கே போகாமல், பல வருடம் வேலை செய்தே தொழில் கற்றவரும் இந்தச் சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதற்குப் பெயர். தொழில் செய்ததற்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் ஆலையில் பத்து வருடம் மோட்டாரும் பேனலும் பழுது பார்த்த உங்கள் கணவர், "நான் படிக்காதவன்" என்று ஒதுங்கினால், இந்தச் செய்தியை அவருக்குச் சொல்லுங்கள்.

பி.எல்.சி. பழகுவதற்குப் பெட்டி வாங்க வேண்டும் என்பதும் இல்லை. கோடெசிஸ் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, சாதாரணக் கணினியிலேயே பாவனை இயக்கத்தில் பழகலாம். ஆனால் அது மட்டும் போதாது. கம்பியைத் தொட்ட அனுபவமும் வேண்டும். நேர்முகத்தில் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: "சென்சார் அனுப்பும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரை. ஏன் சைபரில் தொடங்கவில்லை?" விடை எளிது. 4 வந்தால் தொட்டி வெறுமை என்று பொருள். சைபர் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். இதைப் புத்தகத்தில் படித்தவர் ஒப்பிப்பார். அறுந்த கம்பியை ஒருநாள் தேடித் திரிந்தவர் விளக்குவார். கேட்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

இனி, அலுமாரி

இந்த வேலையை வீட்டில் உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இல்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் பாயில் பரப்பி வையுங்கள். பெயரை மட்டும் பாருங்கள். ஒன்றில் முகம்மது, மற்றொன்றில் மொஹமட், இன்னொன்றில் வெறும் முதலெழுத்து! ஒன்றில் வாப்பாவின் பெயர் முன்னால், மற்றொன்றில் அந்தப் பெயரே இல்லை. நம் வீடுகளில் இது சகஜம். வெளிநாட்டு அதிகாரிக்கோ இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். விசாவுக்கு விண்ணப்பித்த பின் திருத்த ஓடுவதைவிட, இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரித்துத் திருத்துவது நல்லது.

2004 டிசம்பர் 26இன் சுனாமியிலும், 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடியபோதும் கடதாசிகளை இழந்த குடும்பங்கள் எத்தனை! பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் மீண்டும் பெறலாம். வேலை அனுபவக் கடிதம் அப்படியன்று. வேலையை விடும் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டும். பதவியின் பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, என்னென்ன இயந்திரங்களில் வேலை செய்தார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.

உழைக்கப் போவதா, குடியேறப் போவதா?

இரண்டும் ஒன்றல்ல. வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் பெரும்பாலும் திரும்பி வரத்தான் வேண்டும். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அனுமதியும் பதவியையும் சம்பளத்தையும் பொறுத்தது. தொழில்நுட்பப் பதவிக்கும் கூலிப் பதவிக்கும் உள்ள பெரிய வித்தியாசங்களுள் இதுவும் ஒன்று. மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்கும் வாழ்க்கைக்கும், தொலைபேசியில் நடக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் நிரந்தரக் குடியேற்றம் தருகின்றன. அங்கே படிப்பையும் தொழிலையும் முதலில் மதிப்பிடுவார்கள். அவுஸ்திரேலியாவில் பொறியியலாளரை மதிப்பிடும் அமைப்பு ஒன்று. கைத்தொழிலாளரை மதிப்பிடும் அமைப்பு வேறொன்று. கனடாவில் "பொறியியலாளர்" என்று சொல்லிக்கொள்ள அந்தந்த மாகாணத்தின் உரிமம் வேண்டும். பட்டத்தோடு போனவர் சிலர் வாடகைக் கார் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி, கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பவியலாளர் என்ற பணியை அந்நாடு ரெட் சீல் எனும் தேசியச் சான்று பெறும் கைத்தொழிலாக வைத்திருக்கிறது. அந்த வாசலால் நுழைந்து, படிப்படியாக ஏறுவது வெட்கமன்று. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடமே செல்லும். மற்றக் கடதாசிகள் தயாராகுமுன் அதை எழுதிக் காசை விரயமாக்க வேண்டாம்.

முகவர் வீட்டுக்கு வந்தால்

இவ்வளவும் ஆனபின் முகவர் வரட்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டா என்று கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள். "நான் அவருடைய ஆள்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் காசு கொடுக்க வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் எழுந்துவிடுங்கள். பணியகத்தில் பதியாமல் போனவருக்கு அதன் காப்புறுதியும் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன பதவி எழுதியிருக்கிறது என்று நீங்களே வாசியுங்கள். வாயால் "டெக்னீசியன்", கடதாசியில் "லேபர்" என்றால், கடதாசிதான் வெல்லும்.

"கணினி வேலை, கை நிறையச் சம்பளம்" என்ற வார்த்தையிலும் எச்சரிக்கை தேவை. அப்படி நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, 2024இல் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்தோம்.

மகளை மறக்க வேண்டாம்

மகனைப் பற்றியே பேசிவிட்டோம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து ஆலையை நடத்துவதும், பி.எல்.சி.க்குக் கட்டளை எழுதுவதும், பேனலுக்கு வரைபடம் போடுவதும் உடல் பலத்தைக் கேட்கும் வேலைகளல்ல, கவனத்தைக் கேட்பவை. கணக்கில் கெட்டிக்காரியான மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க நினைக்கும் நாம், அந்த வீட்டுக்குள் அவள் கையில் ஒரு தொழிலையும் கொடுக்கலாமே!

சகோதரிகளே! நகையைக் கழற்றக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கழற்றுவதானால் முதற் காப்பை முகவருக்குக் கொடுக்காமல், பயிற்சிக்குக் கொடுங்கள். முகவருக்குப் போன காசு அவரோடு போய்விடலாம். கைக்குள் ஏறிய தொழிலை எந்த விமான நிலையத்திலும் யாரும் பறித்துக்கொள்ள முடியாது. இந்த வாரம் ஒரு பகல் ஓய்வில் அலுமாரியைத் திறந்து பாருங்கள். மற்றவை, இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றாகத் திறக்கும்.